சிரிக்கிறதெண்டால் முற்றத்துக்குப் போங்கோ

மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் பின்னேரங்களில் ஒரு நகைச்சுவைத் தொடர் போகிறது. ஒரு வீடு, ஒரு செற்றி, அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு குடும்பம். யாராவது வாய் திறந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கூட்டத்தை ஒருநாளும் காட்டுவதில்லை. எனக்கு இப்போது காது மந்தம். பேச்சு பிடிபடாது, அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆகவே பகிடி என்னவென்று தெரியாமல், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு, தொலைக்காட்சி மேசைக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, மேசையில் கையை ஊன்றியபடி இருக்கிறேன். மருமகன் என்னைக் காட்டி, "மாமா நல்லா ரசிக்கிறார்" என்று மகளிடம் சொல்கிறாராம்.

அந்தக் காணாத கூட்டம் சிரிக்கும்போதெல்லாம் எனக்குச் சின்னத்தம்பி அண்ணையின் விறாந்தை நினைவுக்கு வரும். அங்கே சிரிப்பதற்குத் தடை.

சொன்னால் நம்பமாட்டீர்கள். அறுபதுகளில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது கண்டாவளைப் பக்கம், ஒரு குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள். ஒவ்வொருவரும் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் புகழ்ந்துகொண்டு, வயலுக்கு எல்லோரும் ஒரே வாய்க்காலை நம்பியிருந்தார்கள். அந்த வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு சின்னத்தம்பி அண்ணையிடம் இருந்தது. மாரி நெல் விதைப்பான காலபோகம் தொடங்கமுன் கமக்காரர் கூட்டம் கூடி ஆளைத் தெரிவுசெய்வார்கள். ஒவ்வொரு முறையும் அவர்தான். என்ன முறைப்பாட்டோடு போனாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாப்பம்" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அதனால் அவருக்கு நடுநிலையான மனிதர் என்று பெயர்.

இன்னொரு பெருமையும் அவருக்கு இருந்தது. அந்த வாய்க்கால் தெருவிலேயே றேடியோ வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தோல் உறை போட்ட சின்னப் பெட்டி. இப்போதும் புதுச் செருப்புக் கடையைக் கடந்தால் அந்தத் தோல் மணத்தில் ஒரு கணம் நின்றுவிடுவேன். கடைக்காரப் பெடியன் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். பற்றரி அந்தக் காலத்தில் லேசில் கிடைக்காது. சனிக்கிழமைகளில் பறுவதமக்கா, அவருடைய மனைவி, நெல்லுக் காயப்போட்ட பாயின் ஓரத்தில் பற்றரிகளையும் திரும்ப உயிர் வர வெயிலில் அடுக்கி வைப்பா. கோழி நெல்லைக் கொத்தினால் "சூய்" என்பா. பற்றரியைக் கொத்தினால் எழும்பி ஓடுவா.

இவ்வளவும் ஒரு நாடகத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கால் மணித்தியாலம் போகும் குடும்பப் பகிடி நாடகம். எல்லாம் தெரிந்த ஒரு பென்சன்காரர், அவருடைய மனைவி. பென்சன்காரர் வாராவாரம் எதையாவது திருத்த வெளிக்கிட்டு அதை உடைப்பார். மனைவி பேசும் வசனம் ஒன்றே ஒன்று: "அப்பிடியோ?" அதைக் கேட்க நாங்கள் வயலை விட்டு வருவோம். அதில் என்ன பகிடி என்று அந்த நாளில் நிறைய யோசித்திருக்கிறேன், மாஸ்டர் அல்லவா. நடக்கப்போவது பென்சன்காரரைத் தவிர எல்லோருக்கும் தெரியும், அதுதான் பகிடி என்று கண்டுபிடித்து, அதை ஆறாம் வகுப்புக்கும் விளக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் ஞாயிறு விறாந்தையில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சின்னத்தம்பி அண்ணை கையை உயர்த்தினார்.

"மாஸ்டர், சிரிக்கிறதெண்டால் முற்றத்துக்குப் போங்கோ. நீங்கள் சிரிச்சால் அடுத்த வசனம் போயிடும். பற்றரி சும்மா வருதே?"

நியாயமான கதைதான். அதற்குப் பிறகு நானும் மற்றவர்களைப்போல முகத்தை இறுக்கிக்கொண்டு இருக்கப் பழகினேன். தம்பிராசா சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொள்வான். முல்லைத்தீவில் இருந்து சைக்கிளில் சாரத்துணி விற்க வருகிற அசன் நானா கண்ணை மூடிக்கொள்வார். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்தால், மரண அறிவித்தல் கேட்கிறோம் என்று நினைத்து விசாரித்துவிட்டுப் போவார்.

முடிவு இசை வரும்போது பறுவதமக்கா தேத்தண்ணி வைக்க எழும்புவா. உடனே அண்ணை பெட்டியின்மேல் ஒருதரம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று பார்ப்பதுபோல. பிறகு பொத்தானைத் திருகி நிற்பாட்டுவார். எல்லோரும் முற்றத்துக்கு இறங்கி, சேர்த்து வைத்ததை முதலில் சிரித்து முடிப்போம். அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டு, "இப்ப சொல்லுங்கோ, எது திறம்?" என்று கேட்பார். ஆளுக்கொரு குரலில் நாடகம் மறுபடி நடக்கும். அக்கா அவருக்கு நேரே நின்று உரத்த குரலில் சொல்லுவா. விறாந்தையில் ஒரு பல்லும் தெரியாமல் இருந்த மனிதர் முற்றத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். தன் சட்டத்தைத் தானே மதிக்கிறார் என்று நான் அவரை மெச்சியிருக்கிறேன்.

தம்பிராசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனுடைய காணி வாய்க்காலின் கடைசியில். தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் குடித்து முடித்திருப்பார்கள். அண்ணையின் பொறுப்பு தன் கைக்கு வந்தால்தான் தன் வயல் நனையும் என்று அவன் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த வாய்க்காலில் அந்தப் பொறுப்பில் இருந்தவருக்குக் கண் மங்கியதென்று கூட்டத்தில் நிற்பாட்டிவிட்டார்கள். மனிதர் அதற்குப் பிறகு படலையைத் தாண்டி வரவில்லை. சின்னத்தம்பி அண்ணைக்குப் பிள்ளைகளும் இல்லை. காலையில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால்கரையால் நடக்கும்போதுதான் அவருடைய முதுகு நிமிரும்.

காலபோகக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பற்றரி வெயில் காணவில்லை. அந்த ஞாயிறு பென்சன்காரர் ஓடு மாற்றக் கூரையில் ஏறினார். ஏணியை யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் கூப்பிடக் கூப்பிடக் குரல் மெலிந்து, இன்னும் மெலிந்து, இல்லாமல் போனது. நாங்கள் அண்ணையைப் பார்த்தோம். அவர் தலையைச் சரித்து, புருவத்தைச் சுருக்கி, செத்த பெட்டியை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருதரம் தலையும் ஆட்டினார்.

கூரையில் மழை விழுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. "பாப்பம்", முற்றம், அக்காவின் உரத்த குரல், எல்லாம். மற்றவர் சிரிக்கும்போது தான் சிரிக்காமல் இருந்தால் காது கேளாதது பிடிபட்டுவிடும். ஒருவருமே சிரிக்காவிட்டால் பிடிபடாது. தம்பிராசா வாயில் இருந்து சால்வையை எடுத்தான். சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன். பறுவதமக்கா அவனைப் பார்த்தா. கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தா. அவன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, சால்வையைத் திரும்ப வாய்க்குள் அடைத்தான்.

நான் ஆறாம் வகுப்புக்கு விளக்கிய சட்டப்படி நாங்கள் அப்போது சிரித்திருக்க வேண்டும். அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மீதி நாடகத்தையும் இருந்து கேட்டு முடித்தோம்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அக்கா தேத்தண்ணிக்கு எழும்பினா. அண்ணை வழக்கம்போல உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் கூட நேரம் வைத்திருந்தார். பிறகு பொத்தானைத் திருகினார். நல்லவேளை மழை விட்டிருந்தது. முற்றத்துக்கு இறங்கினோம். சேறு. சேர்த்து வைத்த சிரிப்பு ஒருவரிடமும் இல்லை.

"இப்ப சொல்லுங்கோ, எது திறம்?" என்றார் அண்ணை.

அப்போது தம்பிராசா அவருக்கு நேரே போய் நின்றான்.

"பென்சன்காரர் வயல் செய்ய வன்னிக்கு வந்திட்டாரல்லோ, அந்த இடந்தான் திறம்!" என்று கத்தினான்.

"வன்னிக்கோ?"

"ஓமண்ணை. அதுவும் கண்டாவளைக்கு. காணி கடைசியிலயாம், என்ரையைப் போல. தண்ணி கேட்டு வாய்க்காலுக்கை நிண்டு பிரசங்கம் வைச்சார்!"

அசன் நானா முக்காட்டை இழுத்துவிடுவதுபோலக் கையைக் காட்டி, "அப்பிடியோ?" என்றார். அசல் அந்த மனைவியின் குரல்.

அக்கா குசினி வாசலில் இருந்து இறங்கி வந்து, "தண்ணி விடுற மனிசன் என்ன சொன்னவர் எண்டு சொல்லடா தம்பி" என்றா.

"பாப்பம் எண்டவர்!"

சின்னத்தம்பி அண்ணை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, இருமி இருமிச் சிரித்தார். அதைப் பார்த்து நாங்களும் அடக்கமுடியாமல் சிரித்தோம். பென்சன்காரர் சேற்றில் விழுந்தார், நண்டு கடித்தது, மனைவி "அப்பிடியோ?" என்றா. கடைசியில் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இண்டைக்குத்தான் எல்லாரும் திறமாச் செய்தவை."

அடுத்த நாள் வெயில் எறித்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேன். சனிக்கிழமை வேலையைத் திங்கட்கிழமை அண்ணையே செய்துகொண்டிருந்தார், பாயில் பற்றரிகளைப் புரட்டிப் புரட்டி. அக்கா சொல்லியிருப்பா என்று நினைத்துக்கொண்டு போனேன். காலபோகக் கூட்டத்தில் அவருடைய பெயரைச் சொல்லி எழும்பியவன் தம்பிராசா. "எல்லாற்ர கதையையும் பொறுமையாக் கேக்கிற மனிசன் அவர்தான்" என்றான். ஒருவரும் முகம் மாறவில்லை. நாங்கள்தான் பழகியவர்கள் ஆயிற்றே. அந்தப் போகம் கடை வயலுக்கும் தண்ணீர் போனது.

போன கிழமை அந்தத் தொடர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு அதைச் சொன்னது காது அல்ல, மேசையில் ஊன்றியிருந்த கை. தொலைக்காட்சிச் சத்தத்தில் மேசை எப்போதும் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு நின்றது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். அந்த மழை ஞாயிறு, முடிவு இசையில் அதிரவேண்டிய பெட்டியில் அண்ணை கையை வைத்தபோது அது சும்மா கிடந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் மனிதர் முற்றத்துக்கு வந்து, "எது திறம்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வீடு இப்போது இல்லை. அந்தத் தெருவில் இருந்தவர்களைச் சண்டை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. சின்னத்தம்பி அண்ணையிடம் போய், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அவருக்குக் கேட்கும்படி கத்தவும் தயாராக இருக்கிறேன். ஆள்தான் இல்லை.

மின்சாரம் போன அன்று மகளிடம், "தொடரில வாற அந்தப் பெடியனுக்குக் கடைசியில என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னெண்டு தெரியுமப்பா? கரண்ட் வந்தாப்பிறகு ஃபோனில பாப்பம்" என்று அவள் என் காதுக்குக் கிட்டக் கத்தினாள்.

"பாப்பம்" என்றேன் நானும்.