பெயர் சொல்லாமல் கூப்பிட்டேன்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? என்னோடு வந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு, பாலத்தில் நூறு பேர் நடந்துகொண்டிருக்கும்போது. கதை கட்டுகிறேன் என்பவர்கள் சீன எல்லையில் இருக்கும் எங்கள் மோங்காய்க்கு வாருங்கள். என் வீட்டுத் தரையைக் காட்டுகிறேன்.

என் தம்பி கியெம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சீனாவில், செங்கல் சூளையில் வேலை பார்த்தான். போய் ஒரு வருஷம். டெட் புத்தாண்டுப் பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. பண்டிகை முடிந்த கையோடு காய்ச்சலில் செத்துப்போனான். அஸ்தியை வாங்கிவர நான்தான் போனேன். என் வீட்டுக்காரர் துயென் லாரி ஓட்டுபவர். தினமும் பாலம் கடந்தவர், ஒரு வருஷமாக இடுப்பு வலி என்று உள்ளூர் லோடு மட்டும்தான். அன்றும் பாலத்தில் கால் வைக்காமல் எங்கள் பக்கமே பைக்கோடு நின்றுகொண்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரோடு பாலம் கடந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி தண்ணீருக்குப் பயந்து அங்கேயே நின்றுவிடும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் அஸ்திக்கு என்னிடம் காகிதம் இல்லை. பழப் பையில் மறைத்திருந்தேன். பாலத்தின் நடுக்கோட்டில் ஒரு காவலர் நின்றார். தூறல், மூடுபனி. சத்தமாகப் பெயர் சொன்னால் மாட்டிக்கொள்வேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"பாலம் வருது. பயப்படாத. என் கூட வீட்டுக்கு வா."

பெயர் சொல்லவில்லை.

பின்னால்... சப். சப். ஈரச் செருப்புச் சத்தம். ஒரு கால் மட்டும்.

பாலத்தின் எங்கள் பக்கத்து வாசலில் இன்னொரு காவலர் என் எல்லைப் பாஸைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கு. கூட வர்றவங்களுது எங்க, அக்கா?"

"யாரு?"

என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். "போங்க."

பைக்கில் ஏறினேன். டயர் அமுங்கியது.

"என்ன, சூளையிலருந்து செங்கலயும் சேத்துக் கொண்டாந்துட்டியா?" என்றார் துயென்.

வீட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்து ஊதுபத்தி ஏற்றினேன். வந்தது யார் என்று கேட்க இரண்டு காசைத் தட்டில் போட்டேன். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் 'ஆமாம்'.

"தம்பி, வந்துட்டியா?"

இரண்டும் தலை. இல்லை.

மறுபடி போட்டேன். இல்லை. மறுபடியும் இல்லை.

"வேற யாராவது... வந்திருக்கீங்களா?"

ஒன்று பூ. ஒன்று தலை.

துயென் தரையையே பார்த்தார். ஈரக் கால்தடம். ஒன்று வெறுங்கால், ஒன்று செருப்பு. வாசலிலிருந்து அவர் நாற்காலி வரை...

"அவள எதுக்குடி கூட்டிட்டு வந்த?"

'அவள்' என்று நான் சொல்லவே இல்லை.

வெளியே ஓடினார். முற்றத்தில் அவருடைய லாரி நின்றது.

சப்... சப்...

லாரி பின்னால் நகர்ந்தது. மெதுவாக. அவர் ஒட்டி நின்ற சுவர் வரை.

சாவி என் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.

பாலத்தில் மூட்டை தூக்கும் பெண்கள் அவர் சாவுக்கு வந்தார்கள். தரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகுதான் சொன்னார்கள். போன வருஷம் இதே தூறலில், நடுப்பாலத்தில் ஒரு லாரி பின்னால் எடுத்தபோது அவர்களில் ஒருத்தி நசுங்கினாள். அவள் கத்தியும் லாரிக்காரர் நிறுத்தவில்லை. செத்தபோது ஒரு காலில்தான் செருப்பு. சொந்தபந்தம் கிடையாது, கூப்பிட ஆள் இல்லை. லாரி எங்கள் பக்கம் பறந்துவிட்டது. பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று தட்டிக்கொண்டிருந்த பையன் சீனாப் பக்கம் ஓடிவிட்டான்.

கியெம் சீனாவுக்குப் போனது அந்த வாரம்தான்.

துயெனுக்காக அழுதேன். மனசார அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை பாலத்துக்குப் போய்விட்டேன். தம்பி பெயரை ஊரே கேட்கும்படி சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த வாசல் காவலர் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தனியாத்தான் வர்றீங்கக்கா" என்கிறார்.

எப்படி வருவான்? தூறல் விழுந்தால் இப்போதும் என் தரை ஈரமாகிறது. வீட்டில் இருப்பவள் யார் என்று அவனுக்குத் தெரியும்.