படிக்கட்டில் மட்டும் கோணல்

கல் அறுக்கும் மேஸ்திரிக்கு அடுத்தவன் வேலை எதுவும் பிடிக்காது. முகமூடி போட்டு அறுப்பவனை, "மூக்குக்கு ஜட்டி போட்டவன்" என்பார். தண்ணீர் விடாமல் அறுத்து, தூசியிலேயே ஆயுசை ஓட்டியவர். விடாத வறட்டு இருமலுக்கு உடம்புச் சூடு காரணமாம். விரல் நுனி உருண்டு பருத்தால் அது உழைத்த கையாம்.

மகள் வீடு நாலாவது மாடியில். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்று, "எந்த மடையன் பதிச்ச கல்லு இது? கோணல்" என்று திட்டினார். ஏற ஏறத் திட்டு சுருங்கியது. மேலே "கோணல்" மட்டும்தான் மிச்சம்.

கூடவே ஏறி வந்த மனைவி பையை இறக்கி வைத்தார். "நாளைக்கே நெஞ்சைப் படம் எடுக்கணும். தூசி உள்ள போன நுரையீரல் தழும்பேறி இறுகிடும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு."

"எனக்கென்ன... கல்லுதான்... சரியில்ல."

"அப்படியா? கீழே வாசல்லயும் இதே கல்லுதான். அங்க மட்டும் ஏன் வாயைத் திறக்கல?"