எரியாத கண்

ஜாலான் புசார் தெருவில் நான் புரோட்டா போடும் கடையில் வெங்காயம் வெட்டுபவர் அப்துல் கஃபார். லீவு போடாத ஆள். போன வருஷம் இடப்பக்க நெற்றியில் அக்கி வந்து கண்வரை இறங்கியபோதுதான் படுத்தார்.

திரும்பி வந்தவருக்கு வெங்காயம் வெட்டும்போது இடது கண் எரியவே இல்லை. அதனால் வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு இடது கண்ணாலேயே வெட்ட ஆரம்பித்தார்.

"கப்பல் கொள்ளைக்காரன் வந்துட்டாரு லா!" என்பான் கல்லாவில் இருக்கும் ரியாஸ்.

"பொறாமைடா உனக்கு. அல்லா கொடுத்த வரம்."

மற்றவர்கள் வெட்டவேண்டிய வெங்காயமும் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் காலை, "என்னப்பா இவ்வளவு ஆவி? சட்டியை மூடுங்க" என்றார். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை. போய் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். கண் சிவந்து கிடந்தது. கருவிழிமேல் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாகப் புண்.

"வலிக்கலையா பாய்?"

"எது?"

அப்படியே டாக்ஸியில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சங்கீதா பஞ்சு நுனியால் அவர் கருவிழியைத் தொட்டார். கஃபார் இமைக்கவில்லை. எனக்குத்தான் கண் மூடிக்கொண்டது.

"அக்கி நரம்பைக் கெடுத்துடுச்சுங்க. வலியைச் சொல்ற அதே நரம்புதான் சில பொருளைச் சுரந்து கருவிழியை ஆறவும் வைக்குது. இப்ப காயமும் தெரியாது, ஆறவும் ஆறாது. இப்படியே விட்டா ஓட்டை விழுந்து பார்வை போயிடும்."

"அப்ப எரியறது நல்லதுங்களா?" என்றார் கஃபார்.

"ரொம்ப நல்லதுங்க."

தோசைக்கல் சுட்ட தழும்பு என் கை முழுக்க இருக்கிறது. அன்றைக்குத் திரும்பும் வழியில் அதைத்தான் தடவிக்கொண்டு வந்தேன். சுட்டதால்தானே கையை எடுத்தேன்.

கஃபார், தன் ரத்தத்திலிருந்தே ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த சொட்டு மருந்தை விடாமல் போட்டார். கடையில் அரிசி அளக்கும் வேலைக்கு மாறினார். புண் மெல்ல ஆறியது. பார்வை தங்கிவிட்டது, கொஞ்சம் மங்கல்தான். உணர்ச்சி திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

போன வாரம் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது கஃபார் வந்து நின்றார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெங்காயக் குவியல்மேல் குனிந்தார். எல்லாரும் கத்தியை நிறுத்தினோம். ரியாஸ் கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றார். பிறகு இமை ஒருமுறை துடித்தது. "டேய், எரியுதுடா!"

நிமிர்ந்து, ஓரத்தில் கிடந்த தன் பழைய கத்தியை எடுத்து ரியாஸ் கையில் வைத்தார்.

"இனிமே அவனவன் வெங்காயத்தை அவனவன் வெட்டுங்க."