தறிக்கு லீவு, மாத்திரைக்கும் லீவு

1

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்பவர்களுக்குக் காலை நேரம் பாதி கனவுதான். எங்கள் கடைக்கு எதிரே சாயம் தோய்த்த பட்டு நூலை மூங்கிலில் காயப்போடுவார்கள். வெயில் ஏற ஏற அந்தச் சிவப்பு என் அலமாரிக் கண்ணாடியில் விழுந்து ஆடும். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே நான் எங்கேயோ போய்விடுவேன். "தூங்குறியாமா?" என்று முதலாளி அதட்டினால்தான் திரும்பி வருவேன்.

கார்த்திகையில், மழை விட்டுச் சில நாள் கழித்து ஒரு காலை, கலைச்செல்வி வந்தாள். பர்ஸை கவுன்டரில் வைத்தாள்.

"அக்கா, நீயே தெறந்து எடுத்துக்கோக்கா. வெரல் மடங்க மாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடக்குவாதம் அவளுக்குப் பழைய விருந்தாளிதான், ஆனால் மாத்திரையில் அடங்கி நன்றாக இருந்தாள். கணவன் ஏகாம்பரத்தோடு கோர்வைத் தறியில், குழிக்குள் கால் இறக்கி உட்காருகிறவள். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்ய இரண்டு பேர் வேண்டும். கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டுவது இவள். இவள் விரல் நின்றால் தறியும் நின்றுவிடும். தை மாதக் கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் கிடந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாடி?"

"மழையில தறிக்குழி பூரா தண்ணி நின்னுச்சுக்கா. தறிக்கு லீவு, கூலி இல்ல. அதான் மாத்திரைக்கும் லீவு வுட்டுட்டேன்." சிரித்தாள், பாவி. "கொறைக்கலாம்னு ஆராய்ச்சியே சொல்லுதாமே. கண்டக்டர் அண்ணன் குரூப்ல போட்டாரு."

2

குரூப் என்றால் வாட்ஸ்அப் குரூப். ஒரே வியாதிக்கு எங்கள் கடையில் மருந்து வாங்க வந்து பழகிக்கொண்டவர்கள் ஆரம்பித்தது. முசரவாக்கம் முனுசாமி அண்ணன், ரிட்டயர்டான பஸ் கண்டக்டர், அதில் ஆராய்ச்சி மந்திரி. மருத்துவக் கட்டுரைகளைப் போனிலேயே தமிழாக்கி, வாய்ஸ் மெசேஜில் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். மஞ்சள், மீன் எண்ணெய், புது ஊசி எதுவானாலும் கலைச்செல்வி முதலில் கேட்பது, "எலியா, மனுசனா அண்ணே?" எலிக்குச் செய்த சோதனை என்றால் குரூப்பே சிரிக்கும்.

இந்த முறை மனுசனுக்குச் செய்தது. அதனால் நம்பிவிட்டாள்.

போன் போட்டு அவரை வரவழைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுரையைக் கடைசி வரிவரை படித்தார். நோய் ரொம்ப நாள் அடங்கியிருந்தவர்களுக்கு, டாக்டர் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குறைத்தது என்று கீழே இருந்தது. அப்படியும் சிலருக்கு வலி திரும்பியிருந்தது. அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள விசில் அடிச்சிட்டேனேம்மா," என்றார்.

"வுடுண்ணே, நானும்தான் முழுசா கேக்கல. அது கெடக்கட்டும், வாங்குறதுக்கு வழி சொல்லு."

இதே மருந்தை அரசு ஆஸ்பத்திரியில் சும்மா தருகிறார்களே, ஏன் போகவில்லை என்றேன். வந்ததே கோபம் அவளுக்கு!

"ஓ.பி.ல நின்னா ஒரு நாள் பூடும்க்கா. நான் போனா அவரும் சும்மா குந்திக்கினு இருக்கணும். ரெண்டு பேர் கூலி! யார் குடுப்பா, நீயா?"

தெருவைப் பார்த்தபடி நின்றேன். நூல் அசைந்துகொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. தெருவே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. மழைநீர் வற்றி இரண்டு நாளாக ஓடிய தறிகள் இன்றைக்கு ஓடவில்லை.

"ஏண்டி, இன்னிக்கு ஏன் எந்த வீட்லயும் தறிச் சத்தம் கேக்கல?"

"அமாவாசைக்கா. அமாவாசையில யாரு தறியில உக்காருவாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு அமாவாசை உண்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "அய்யே! இது தோணலியேக்கா!"

ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்துவதற்குள் அண்ணனே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என் கடையில நின்னுக்கினு என் கஸ்டமரையே அனுப்பி வெக்கிறியாமா, நல்லா இருக்குது உன் நாயம்." அவர் சொன்னது வாஸ்தவம்தான். நான் அசரவில்லை.

3

டாக்டர் நன்றாகத் திட்டி, ரத்தம் பார்த்து, மருந்தை மறுபடி ஆரம்பித்தார். மாதா மாதம் வந்து வாங்கிக்கொள் என்றார். அமாவாசைக்கு அமாவாசை என்று இவள் கணக்கு வைத்துக்கொண்டாள். விரல்கள் உடனே திரும்பவில்லை, மெல்லத்தான் வந்தன. புடவை முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால்தான் தறியிலிருந்து இறங்கியது.

கவுன்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலை ஓடுகிறதா என்று கேளுங்கள். நின்றுபோன மாத்திரை அங்கே தெரிந்துவிடும்.

தை அமாவாசையன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள் கலைச்செல்வி.

"இருமல் மிட்டாய் ஒண்ணு குடுக்கா."

"இருமலாடி?"

"இல்லியே."

பர்ஸை என் முன்னால் வைத்து, இரண்டு விரலால் கொக்கியை அழுத்தினாள். 'டக்'கென்று திறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "எலியா, மனுசனாடி?" என்றேன்.

"மனுசன்தான்க்கா, நானேதான்," என்று சொல்லிவிட்டு, மூடி, இன்னொரு தடவை திறந்து காட்டினாள்.