பிடி மண்ணுக்கு வராதவர்கள்

கூட்டுப் பண்ணை இருந்த காலத்தில், இருபது வயதிலேயே, பால் கறக்கும் பெண்களுக்குப் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தவள் சைராகுல். பண்ணை கலைந்தது, கணவன் போய்ச் சேர்ந்தான், தலை நரைத்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. தங்கச் சுரங்கத்துக்குப் போகும் மலைச்சாலையை ஊர் மறித்தபோது, யாரும் சொல்லாமலே அவள் வருகை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சுரங்கக் கழிவு கலந்த ஓடையில் குடித்த ஆடுகள் செத்ததில் தொடங்கிய மறியல் அது. முதல் வாரம் இருநூறு பேர். மூன்றாம் வாரம் நாற்பது. உருளைக்கிழங்கு தோண்ட வேண்டும், கழுத்து வலி, மருமகளுக்குப் பிரசவம் என்று ஆளுக்கொரு சாக்கு.

அப்போதுதான் மீரிம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். சைராகுலின் தம்பி எசெனின் மகள், சமூகவியல் படிக்கிறாள், அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அத்தையின் புலம்பலைக் கேட்டுவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான் அத்தை, எங்க புத்தகத்துலயே இருக்கு. நாளைக்கு ஓடை சுத்தமானா, வராதவன் ஆடும் அதுலதானே குடிக்கும்? அப்புறம் எவன் வருவான்? வராதவனுக்கு ஏதாவது வலிக்கணும்."

எது வலிக்கும் என்று சைராகுலுக்குத் தெரியும். மறுநாள் அறிவித்தாள்: மறியலுக்கு ஆள் அனுப்பாத வீட்டில் சாவு விழுந்தால் ஊரார் போகக் கூடாது. தூக்கவோ, குழியில் பிடி மண் போடவோ ஒரு கை வராது. மூன்றே நாளில் கூட்டம் மறுபடி இருநூறானது. கழுத்து வலிக்காரன்தான் முதலில் வந்து நின்றான்.

வராத வீடு ஒன்றுதான், தம்பியுடையது. எசென் சுரங்கத்துக்குள் தண்ணீர் லாரி ஓட்டினான். மீரிமின் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடந்தது. தன் பெயரைக் கூப்பிடாமல் விட்டுவிடும்படி அக்காவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். பாரபட்சம் என்று பேச்சு வரக் கூடாதே என்று, தினமும் அவன் பெயரையே முதலில் கூப்பிட்டாள்.

அக்டோபரில் அவன் லாரி சரிவில் உருண்டது.

செய்தி கேட்டு இரவோடு இரவாக ஊர் வந்த மீரிம், மறுநாள் காலை சாலைக்கு வந்தாள். அப்பாவை, சாவுக்கென்று வாசலில் போடும் கம்பளிக் கூடாரத்தில் கிடத்தியிருக்கிறது, மதியம் எடுக்க வேண்டும், வெளியூர் டிரைவர்கள் நாலு பேரைத் தவிர யாரும் இல்லை என்றாள்.

"நான் சொன்னது வெறும் பாடம் அத்தை. பரீட்சைக்குப் படிச்சது."

சைராகுல் கூட்டத்தைப் பார்த்து, செத்தவனோடு என்ன பகை, இந்த ஒரு முறை விட்டுவிடலாமா என்று கேட்டாள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஆள் அசையவில்லை.

"சொந்தத் தம்பின்னா சட்டம் வேறயாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

தான் எழுந்து போனால் மாலைக்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கூடாரத்தில் உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டிய உடன்பிறந்தவள், சாலையோரக் கல்லில் உட்கார்ந்தே இருந்தாள். மீரிம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

மதியம், எதிர்ச் சரிவில் பாடை போவது அங்கிருந்தே தெரிந்தது. நாலு பேர் போதவில்லை. ஏற்றத்தில் ஒரு மூலை தாழ்ந்தது. பெண்கள் போகாத இடுகாட்டுக்கு, அந்த மூலையைத் தோளில் தாங்கி மீரிம் போனாள். சாலையில் இருந்தவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஆண்கள் சைராகுலின் வீட்டுக்கு வந்தார்கள், ஒருவர் போனபின் ஒருவராக, தெருவை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு. கடைசியாக வந்தவன் தாஷ்பாய், எசெனோடு சேர்ந்து குதிரையேறப் பழகியவன்.

"குளிச்சு, தொப்பி போட்டு ரெடியாத்தான் இருந்தேன் அக்கா. நீங்க எழுந்திருந்தா பின்னாடியே வந்திருப்பேன். மத்தவங்க எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க, நான் ஒருத்தன் எப்படி?"

அவன் பதினாறாவது ஆள். பதினாறு பேரும் இதையேதான் சொன்னார்கள். தன்னைத் தவிர ஊரே கல்நெஞ்சு என்று ஒவ்வொருவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

மற்றவர்களும் வர நினைத்தவர்கள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மனம் ஆறும். ஆனால் சொல்லிவிட்டால், அப்புறம் அந்தத் தடைக்கு யார் பயப்படுவார்கள்?

"கிளம்பு," என்றாள். "யாராவது பாத்துடப் போறாங்க."