முதுகோடு முதுகாக இரண்டு சான்றிதழ்கள்

இன்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போட்டார்கள். சூடான பிளாஸ்டிக் வாசம் வந்ததும் கையிலிருந்த வேலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டேன். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். மளிகைக்கும் போடுவேன், கோபத்துக்கும் போடுவேன். இந்த வாசம் மட்டும் எந்தப் பட்டியலுக்குள்ளும் நிற்பதில்லை.

நான் பாலிடெக்னிக் முடித்த வருஷம் கல்லூரிக்கு ஆளெடுக்க ஒரு கம்பெனியும் வரவில்லை. அமெரிக்காவில் ஏதோ பெரிய வங்கி விழுந்துவிட்டதாம். வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "அங்க பேங்க் வுழுந்தா இங்க உனக்கு இன்னா பாப்பா?"

விண்ணப்பித்த இடங்களை நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அடிபடாமல் நின்றது ஒரு மாவு ஆலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வந்து இறங்கும் இடம். இயந்திரங்களின் மின்பலகையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டுமாம். இதுவும் போனால் அப்பாவோடு கரும்புக் காட்டுக்கு என்று முடிவாகியிருந்தது.

எங்கள் கூரை ஒழுகும். அதற்குப் பயந்து அப்பா, நேர்காணலுக்கு முதல் நாள் என்னிடம் சொல்லாமல், டிப்ளமோ சான்றிதழையும் பத்தாவது மதிப்பெண் பட்டியலையும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறையில் லேமினேஷன் போட்டுவந்தார்.

"ரெண்டும் பிரியாம இருக்கட்டும்னுதான் பாப்பா."

அவ்வளவு பெருமையாக நீட்டினார். காகிதத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டென்பதை நானும் மறந்துபோனேன்.

ஆலை மேலாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு அவர், "டிப்ளமோவுக்குப் பின்னாடி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்ச சீல் இருக்கும்ல, காட்டும்மா" என்றார். திருப்பினேன். பத்தாவது மதிப்பெண் பட்டியல். மறுபடி திருப்பினேன். டிப்ளமோ.

"இன்னாம்மா இது, எப்படித் திருப்பனாலும் மூஞ்சிதான் தெரியுது!" அறையே சிரித்தது. "அஞ்சு மணிக்குள்ள முதுகக் காட்டு. இல்லன்னா அடுத்த ஆள கூப்புடுவேன்."

கூட வந்து வாசலில் நின்ற அப்பாவை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அந்த ஜெராக்ஸ் கடைக்கே ஓடினேன். கடைக்கார அக்கா உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்தே சொன்னேன், கேட்டீங்களா அண்ணே?"

"கிழிஞ்சிடுமா தாயி?" அப்பா உறைக்கு மேல் குனிந்தார்.

"ஒத்தையா போட்டிருந்தா கிழிஞ்சிருக்கும். பசை பிளாஸ்டிக்லதான் கீது. முதுகு ரெண்டும் சும்மா சாஞ்சிக்கினு கீது. மூச்சு வுடாம நில்லுங்க."

அப்பா உண்மையிலேயே மூச்சுவிடவில்லை. பிளேடு நான்கு ஓரமும் ஓடியது. இரண்டு தாள்களும் சத்தமில்லாமல் பிரிந்தன. ஊதா முத்திரை ஓர் எழுத்தும் கலையாமல் இருந்தது. ஒரே உறையில் போட்ட தப்புதான் அதைக் காப்பாற்றியது என்று சொல்லத் திரும்பினேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதுகைக் காட்டினேன். மறுநாள் வேலையில் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் ரசீது, என் சம்பளச் சீட்டு, எது கைக்கு வந்தாலும் விரலைத் துண்டில் துடைத்துவிட்டு முதலில் திருப்பிப் பார்ப்பார். படிக்கத் தெரியாதவர். "பின்னாடி எதுனா கீதா பாப்பா?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் கீழே வைப்பார். கேலி செய்திருக்கிறேன், சலித்துக்கொண்டும் இருக்கிறேன்.

ஆலை மூடிவிட்டது. ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பத்திரிகை, ரசீது, சம்பளச் சீட்டு எல்லாமே இப்போது போனில்தான் வருகின்றன. போன மாதம் என் பதவி உயர்வுக் கடிதத்தைப் போனில் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பழக்கத்தில் திருப்பினார். போனின் கறுப்பு உறையைப் பார்த்துவிட்டு, "பின்னாடி எதுனா" என்று கேட்காமலே என்னிடம் கொடுத்துவிட்டார்.