ஒரு லோடு குப்பை

"அண்ணே, தோட்டத்துக்கு ஒரு லோடு குப்பை அடிக்கணும், வெரசா." இவ்வளவுதான் நான் போன்ல சொன்னது. பல வருசமா இதே நம்பருக்கு இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

எங்க பக்கம் சம்சாரி வீட்டுல குப்பைன்னா எரு. தொழுவத்துச் சாணி, சாம்பல், மாடு தின்னு கழிச்ச தட்டை எல்லாம் குழியில கிடந்து மக்கி, கையில அள்ளுனா பொலபொலன்னு உதிரும். அதை வண்டியில கொண்டாந்து நிலத்துல போடுறதுக்குப் பேருதான் குப்பை அடிக்கிறது. என்னையப் பொண்ணு கேட்டு வந்தவுகளைப் பாத்து எங்கப்பா கேட்ட முதல் கேள்வியே, "வருசத்துக்கு எத்தனை வண்டி குப்பை அடிக்கிறீக?"ங்கிறதுதான். அந்த வார்த்தையில ஒரு அசிங்கமும் கிடையாது.

நம்பர் அதேதான். ஆளு மாறிப்போனது எனக்குத் தெரியாது. டிராக்டர் வச்சிருந்த அண்ணன் முட்டிவலின்னு வீட்டோட உக்காந்துட்டாரு. வண்டியும் போனும் அவரு மருமகன் கைக்குப் போயிருச்சு. அந்தத் தம்பிக்கு டவுனுக்குள்ள சோலி. கல்யாண மண்டபத்துல விசேஷம் முடிஞ்சதும் மிச்சம் மீதியை அள்ளிட்டுப் போய் எங்கயாச்சும் கொட்டணும். அவருக்குத் தெரிஞ்ச குப்பை அது ஒண்ணுதான். "அடிச்சிருவோம்க்கா, இடம் மட்டும் சொல்லுங்க"ன்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னாரு. எரு குடுக்கிறவரு எதுக்கு இம்புட்டு சந்தோசப்படணும்? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலையே!

எங்க தோட்டம் குரங்கணி போற ரோட்டோரம். தென்னை, ஊடால கத்தரி, நடுவுல ஒரு கிணறு. வீட்டுக்காரரு மேல மலையில ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசர். வாரம் ஒருக்கா போடிமெட்டு வழியா ஜீப்புல இறங்குவாரு, மறுநாளே ஏறிருவாரு. கீழ தண்ணி பாய்ச்சுறதுல இருந்து காய் ஏத்தி விடுறது வரைக்கும் நான்தான்.

மறுநாள் காலையில போய்ப் பாக்குறேன், கிணத்து மேட்டுல காக்காக் கூட்டம். கீழ எச்சில் இலை, சோறு, பேப்பர் கப்பு, தண்ணி பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, தெர்மாகோல்ல வெட்டுன பொம்மை. சாம்பார் வழிஞ்சு கத்தரிப் பாத்தி வரைக்கும் ஓடியிருக்கு. அடப்பாவிகளா, என் கிணத்தடியா உங்களுக்குக் கிடைச்சதுன்னு கத்துனேன். கேக்க அங்க ஒரு ஆளு இல்லை.

குவியலுக்கு மேல ஒரு பிளக்ஸ் மடங்கிக் கிடந்துச்சு. யாரு வீட்டு விசேஷம்னு பாத்துட்டு, அவுக ஏழு தலைமுறையையும் இழுத்து வையணும்னுதான் அதைப் பிரிச்சேன். வாயில வந்த வசவு வாயிலேயே நின்னுபோச்சு. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, எங்க கூடப் பிறந்த அண்ணன் சிரிக்கிறாரு. "வருக! வருக!"ன்னு எழுதியிருக்கு. முந்தாநாள் நடந்த அவரு பேரன் காதுகுத்து. கீழ் வரிசையில சொந்தபந்தம் படம், அதுல மூணாவது முகம் என்னோடது. அந்தக் கப்புல நானும் ரெண்டு தடவை பாயாசம் குடிச்சேன். வெக்கத்துல எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு.

டிரைவர் தம்பிக்குப் போன் போட்டேன். "நீங்கதானக்கா ஒரு லோடு அடிக்கச் சொன்னீக?"ன்னாரு. அவரு மேல தப்பே இல்லாத மாதிரி இருந்துச்சு, அதுதான் இன்னும் ஆத்திரம். அதோட விடாம, "இன்னும் ரெண்டு லோடு நிக்கிது, சாயங்காலம் அங்கனயே தட்டிரவா?"ன்னு கேட்டாரு.

வேண்டாம்னு நான் வாயெடுக்குறதுக்குள்ள போனை வச்சுட்டாரு. எங்க ரோட்டுல ரெண்டு வளைவு தள்ளி ஒரு ஓடை இருக்கு. அங்கேயும் யாரோ ஒரே ஒரு லோடுதான் முதல்ல கொட்டுனாக. இன்னிக்கு மூக்கைப் பொத்தாம அந்த வளைவைத் தாண்ட முடியாது. கோழிக்கடை மூட்டை முதக்கொண்டு அங்கதான் வருது. இந்தக் குவியல் ஒரு வாரம் கிடந்தா எங்க கிணத்தடிக்கும் அந்தக் கதிதான். அண்ணன் வேற பிளக்ஸ்ல கையைக் கூப்பி ஊரையே வருக வருகன்னு கூப்பிடுறாரே!

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். மலையிலேயே கிடந்து அவருக்கு மலையாளம் ஒட்டிக்கிச்சு. "சாரமில்ல, ஒரு தீக்குச்சியைக் கிழிச்சுப் போடு"ன்னாரு. சாரமில்லன்னா அங்க பரவாயில்லைன்னு அர்த்தமாம். பிளாஸ்டிக்கை எரிச்சு அந்தப் புகையை நானும் மாடும் தென்னையும் குடிக்கணும், இவருக்குச் சாரமில்ல! போனை வச்சுட்டேன்.

அண்ணனுக்குப் போன் அடிச்சேன். "குப்பை அள்ளுறதுக்கும் சேத்துத்தான் மண்டபத்துக்குக் காசு பேசிவிட்டாச்சுத்தா. அதுக்கப்புறம் அது எங்க போனா எனக்கென்ன?"

"என் தோட்டத்துக்கு வந்திருக்குண்ணே."

"சரி, விடு. ஆளு விட்டு ஓடைப் பக்கம் தள்ளிவிடு."

விடு விடுன்னு ஆளாளுக்குச் சொன்னா நான் எதைத்தான் விடுறது? அன்னிக்குச் சாயங்காலம் கயித்துக்கட்டிலைத் தூக்கி வண்டிப் பாதையில குறுக்கப் போட்டு, அதுல உக்காந்துட்டேன். டிராக்டர் வந்து ஆரன் அடிச்சுச்சு. நான் அசையலை. "வண்டி உள்ள போகணும்னா என் மேல ஏத்திட்டுப் போ தம்பி"ன்னேன்.

அவரு எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வந்தாரு. சண்டைக்கு வர்றாருன்னு முந்தானையை இழுத்துச் சொருகுனேன். அவரு கட்டில் ஓரமாக் குத்த வச்சு உக்காந்து கேட்டாரு. "எங்கக்கா கொட்ட? எல்லாரும் இங்க கொட்டாதே, அங்க கொட்டாதேங்கிறீக. தின்னுட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிருதீக. எங்க கொண்டு போறதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லலை."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த ஆளு கேட்டதுல ஒரு எழுத்துத் தப்பில்லை. ஓடைக்குப் போன்னு சொன்னா நானும் அண்ணனும் ஒண்ணு. "விசேஷம் வச்சவுக வீட்டுக்கே கொண்டு போவோம். ஆனா பிரிச்சுக் கொண்டு போவோம். நாளைக்கு வா"ன்னேன். பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தாரு. நின்ன ரெண்டு லோடையும் மண்டபத்துக்கே திருப்பிக்கிட்டுப் போனவரு, மறுநாள் கையுறை ஒரு சோடி வாங்கிட்டு வந்து நின்னாரு. எனக்கும் ஒரு சோடி.

மூணு நாள் பிரிச்சோம். நாத்தம் மூணாம் நாளு பழகிப்போச்சு, பழகுனதை நினைச்சாத்தான் குமட்டுச்சு. இலையும் சோறும் காயும் குழிக்குள்ள போச்சு, மேல சாணியும் மண்ணும். பாட்டிலைப் பழைய சாமான் கடைக்காரரு எடுத்துக்கிட்டாரு. மிஞ்சினது எவனும் வாங்காதது. உள்ள மெழுகுன பேப்பர் கப்பு, ஸ்பூனு, தெர்மாகோலு, ஊறுகாய் பாக்கெட்டு. சாக்குச் சாக்காக் கட்டி, அதே டிராக்டர்ல ஏத்தி, நானும் ஏறி உக்காந்துக்கிட்டேன்.

அண்ணன் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. எதிர் வீட்டுக்காரவுக கோலம் போட்டுக்கிட்டு இருந்தாக. சாக்கையெல்லாம் இறக்கி வரிசையா வச்சு, மேல அவரு பிளக்சை விரிச்சேன். வருக வருக.

"வீட்டு வாசல்ல குப்பையைக் கொண்டாந்து கொட்டுறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"ன்னு எந்திரிச்சாரு.

"இது குப்பை இல்லைண்ணே. குப்பை என் தோட்டத்துல குழியில கிடக்கு, ஆறு மாசத்துல மண்ணாயிரும். இது உங்க விசேஷம். பத்திரமா வச்சுக்கோங்க."

மதினி நிலைவாசல்ல நின்னுக்கிட்டு முந்தானையால வாயைப் பொத்துனாக. சிரிப்பா அழுகையான்னு எனக்குத் தெரியலை. அண்ணன் அன்னிக்கோட என் கூடப் பேச்சை நிறுத்திட்டாரு. தீவாளிக்குச் சேலை வரலை. அதுக்கு என் ராத்தூக்கமா போச்சுன்னு சிரிச்சேன், ஆனா வலிச்சுச்சு. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா கிணத்தடி சுத்தமாக் கிடந்துச்சு. தினம் காலையில போய் முதல்ல அதைத்தான் பாப்பேன்.

குழியில கிடந்தது கறுத்து, உதிருற பதத்துக்கு வந்த நேரம், மதினி பத்திரிகையோட வந்தாக. மகளுக்கு வளைகாப்பு. "உங்கண்ணன் எவர்சில்வர் டம்ளரு வாடகைக்குச் சொல்லியிருக்காக. பிளக்ஸும் வேண்டாம்னுட்டாக. ஆனா உனக்குப் பயந்துக்கிட்டு இல்லையாம். அதையும் சொல்லிட்டு வரச் சொன்னாக"ன்னு சிரிச்சாக.

வளைகாப்புக்குப் போனேன். அண்ணன் என் முகத்தைப் பாக்காம, "சாப்பிட்டுப் போத்தா"ன்னாரு. சாப்பிட்டேன். பந்தி முடிஞ்ச கையோட மண்டபத்து வாசல்ல நின்னு டிரைவர் தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, தோட்டத்துக்கு ஒரு லோடு குப்பை அடிக்கணும், வெரசா." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இனிமே எருன்னு சொல்லுங்கக்கா, வம்பு இருக்காது"ன்னாரு. எதுக்குச் சொல்லணும்? அந்த வார்த்தை எங்களோடது. அதை நாறடிச்சவுக வேணும்னா வேற பேரு தேடிக்கட்டும்.

சாயங்காலம் மண்டபத்துல இருந்து வண்டி வந்துச்சு. கட்டிலை அதே இடத்துல குறுக்கப் போட்டிருந்தேன். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே பின்கதவை இறக்குனாரு. குழியில போட்டு எருவாக்குற இலையும் சோறும் வாழைத்தண்டும்தான். இருந்தாலும் விடுவேனா, முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத் துழாவுனேன். அடியில ஒண்ணே ஒண்ணு அகப்பட்டுச்சு, நசுங்குன பேப்பர் கப்பு. யாரோ கடையில டீ வாங்கி வந்து குடிச்சிருக்காக. அதை உதறி மடியில சொருகிக்கிட்டு, கட்டிலை எடுத்துப் பாதையை விட்டேன். மறுநாள் காலையில அண்ணன் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு சோலி கிடைச்சிருச்சு.